புளி போட்டுத் தேய்த்த கௌதாரி

ராஜி மாமியின் போன் வந்தபோது அம்சவேணி காட்டுப்பன்றியின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காய்ந்த துணியால், ரோமத்தின் போக்கிலேயே, அழுத்தாமல் துடைக்க வேண்டும். பதினைந்து வருடமாகத் துடைக்கிற வெண்கலப் பன்றி. எந்த மடிப்பில் தூசி ஒளிந்துகொள்ளும் என்பது அவளுக்கு அத்துப்படி. எட்டாவது மாடி ஜன்னல் திறந்திருந்தது. டெல்லி கிட்வாய் நகரின் பழைய குடியிருப்புகளை இடித்துக் கோபுரம் கோபுரமாகக் கட்டியபோது வேம்புகளில் பாதி போய்விட்டன. வெளிச்சாலையோரத்து ஏழிலைப்பாலை மரங்கள் எப்படியோ தப்பித்துக்கொண்டன. அக்டோபர் பிறந்தால் போதும், அந்தப் பூவின் மணம் லிஃப்ட் ஏறாமலே எட்டாவது மாடிக்கு வந்துவிடும். தலையைக் கிறுகிறுக்க வைக்கிற தித்திப்பு. அதற்குள் வீடே கொஞ்சம் மிதப்பதுபோல இருக்கும். ஒரு வேலையும் ஓடாது.

“வேணியா? நான் ராஜி பேசறேன். நாக்பூருக்கு மாத்தலாகிப் போனேனே, அந்த ராஜி மாமி.”

குரலில் வயது ஏறியிருந்தது, வேகம் மட்டும் அப்படியே. மாமா போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறதாம். மகன் ப்ரசன்னாவுக்கு டெல்லியில் வேலை கிடைத்ததால் மறுபடியும் கரோல் பாகுக்கே வந்துவிட்டாளாம், அந்தக் காலத்தில் இருவரும் அக்கம்பக்கமாகக் குடியிருந்த பழைய வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி. யார் யாரையோ கேட்டு நம்பரைப் பிடித்தாளாம்.

“கொலு வச்சிருக்கேன். ஞாயித்துக்கெழமை உங்காத்துக்காரரையும் அழைச்சுண்டு வா. உன் பட்சியும் வந்திருக்குடி. ஊர் ஊரா என்னோட சுத்திட்டு, ஜம்முனு பார்க்ல உக்காந்துண்டிருக்கு.”

“வாறோம் மாமி” என்று தான் சொன்னது அம்சவேணிக்கு யாரோ பக்கத்து அறையில் சொன்னது மாதிரி கேட்டது. பன்றியை அலமாரியில் வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். இருபத்து நான்கு வருடங்களுக்கு முன் கணவருக்குத் தெரியாமல் அவள் வீட்டைவிட்டு அனுப்பிய வெண்கலப் பறவை அது. அதைத்தான் கணவர் ஜோதிலிங்கம் பதினெட்டு வருடமாக டெல்லி முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் மொத்தம் ஒன்பது வெண்கலங்கள் இருந்தன. எல்லாம் நூறு, நூற்றைம்பது வருடங்களுக்கு முன் பிரான்சு தேசத்தில் வார்த்தவை. ஒன்று மிருகமாக இருக்கும், இல்லாவிட்டால் மிருகத்தைத் துரத்துகிற மனிதனாக இருக்கும். சுருக்கெழுத்தராக வேலைக்குச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்த ஒரு மத்திய சர்க்கார் ஊழியருக்கு முழுசான சிலை கட்டுப்படியாகாது. அதனால் ஜோதிலிங்கம் வாங்கிய ஒவ்வொன்றிலும் ஒரு குறை இருந்தது. மானுக்கு இடது கொம்பு இல்லை. சிறுத்தைக்கு வால் பாதியோடு சரி. குதிரைமேல் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும் வேட்டைக்காரனின் கையில் ராஜாளி இருந்த இடத்தில் ஒரு முளைதான் மிச்சம். ‘நம்ம வீடு ஆஸ்பத்திரி எலும்பு வார்டுல்லா’ என்று அம்சவேணி வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். ஜோதிலிங்கமும் கூடச் சிரிப்பார், ஆனால் கண் அலமாரியிலேயே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆனால் செங்கோட்டைக்குப் பின்னால் கூடும் பழைய சாமான் சந்தை. அங்கே ஒன்றும் சிக்காவிட்டால் சுந்தர் நகரில் இஸ்மாயில் பாயின் கடை. தேங்காய் வாங்குகிறவர் மாதிரி சிலையை நகத்தால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார். கவிழ்த்துப் பார்ப்பார், முகர்ந்துகூடப் பார்ப்பார். போன மாதம் ஏதோ பட்டறையில் வார்த்துக் கறுப்புப் பூசிய போலிகளை அவர் ஒரு தட்டில் கண்டுபிடித்துவிடுவார். அசலுக்கு உயிரே அந்தக் கரும்பழுப்பு மேனிதான் என்பார். வார்த்தவன் தீயும் திராவகமும் காட்டிக் கொண்டுவந்த நிறம், அதற்குமேல் நூறு வருடக் காற்றும் கையும் பட்டுப் பழுத்த நிறம். அதைச் சுரண்டுவது மிருகத்தின் தோலை உரிப்பதற்குச் சமம் என்று முதல் சிலை வந்த புதிதில் விளக்கேற்றிச் சத்தியம் செய்கிற மாதிரி சொல்லியிருக்கிறார். அதனால் அந்த வீட்டில் புளிக்குத் தடை உத்தரவு. சாம்பாருக்குப் போடலாம். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு தேய்ப்பதானால் குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தேய்க்க வேண்டும், அதற்கு முன் அலமாரி பூட்டியிருக்கிறதா என்று அவர் இரண்டு தரம் பார்த்துக்கொள்வார்.

எல்லாவற்றுக்கும் மூத்தது நாய். ஒரு முழ நீளம். முன்னங்கால் ஒன்றைத் தூக்கி, கழுத்தை நீட்டி, வாலைக் கம்பிபோல விறைத்துக்கொண்டு நிற்கும் வேட்டைநாய். தன் மூக்குக்கு நாலு விரற்கடை முன்னால், தன்னுடைய பீடத்திலேயே இருக்கிற வெற்றிடத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் இரண்டு துளைகள். மகள் அபூர்வா தவழ்கிற நாளிலிருந்தே அந்த வெற்றிடத்தில் எதையாவது வைப்பாள். அழிரப்பர், முறுக்குத் துண்டு, பிளாஸ்டிக் கோழிக்குஞ்சு, ஒருமுறை விழுந்த தன் பல். வேறு எந்தச் சிலையையும் தொட விடாத ஜோதிலிங்கம் இதை மட்டும் கண்டுகொள்ள மாட்டார்.

அபூர்வாவுக்கு ஆறு வயதாகும்போது இஸ்மாயில் பாய் ஒரு பழைய ஏல விற்பனைப் புத்தகத்தைக் காட்டினார். அதே நாய், அதே பீடம், மூக்குக்கு நேரே புல்லுக்குள் பதுங்கிய ஒரு கௌதாரி. அன்று சாயந்தரம் ஜோதிலிங்கம் அந்தப் படத்தின் நகலோடு வீட்டுக்கு வந்து நின்ற முகம் அம்சவேணிக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கல்யாணத்தன்றுகூட அவர் கண் அப்படி விரிந்ததில்லை. “இங்க ஒரு பறவ இருந்திருக்கு வேணி. அது கெடச்சிட்டா போதும், பொறவு ஒண்ணுமே வாங்க மாட்டேன்” என்றார். படத்தை லேமினேட் செய்து அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினார். கௌதாரியைத் தேடிப் போன வழியில் கிடைத்தவைதான் மற்ற எட்டும்.

நாய் வந்த கதை இதுதான். கோபாலன் என்றொரு பெரிய அதிகாரி. பாரிசில் சில வருடம் பணியாற்றித் திரும்பியவர். ஜோதிலிங்கம் அவருக்கு உதவியாளர். ஓய்வு பெற்று பங்களாவைக் காலிசெய்து சென்னைக்குப் போகும்போது தன் சாமான்களை ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஜோதிலிங்கத்துக்கு என்று டிரைவரிடம் நாயைக் கொடுத்தனுப்பினார். ‘இதைப் பார்த்துக்கொள்’ என்று ஒரே வரியில் ஒரு சீட்டு. ஜோதிலிங்கம் அப்போது அலுவலக வேலையாகக் குவாஹாட்டியில். பங்களாவின் முன்னறையைத் தாண்டி அவர் உள்ளே போனதேயில்லை என்பதால் நாயை அதற்குமுன் பார்த்ததும் இல்லை. கோபாலன் சாரும் அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் சென்னையில் காலமாகிவிட்டார். நாய் இந்த வீட்டுக்குள் கௌதாரியோடு வந்தது என்பதைத் தெரிந்தவள் அம்சவேணி ஒருத்திதான்.

நவராத்திரிச் சமயம் அது. அம்சவேணிக்கு ஐந்தாம் மாதம். கட்டிலைவிட்டு எழக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். டிரைவர் நாயைக் கட்டிலுக்கு எதிரே மேசையில் வைத்துவிட்டுப் போனான். ஒன்பது நாள் பார்த்தாள். பத்தாம் நாள் எழுந்து, பீடத்தின் அடியில் இருந்த இரண்டு நட்டுகளையும் பாக்குவெட்டியால் கவ்வித் திருகிக் கௌதாரியைக் கழற்றிவிட்டாள். குப்பையில் போட மனம் வரவில்லை. அன்றைக்கென்று பிரசாதம் கொடுக்க வந்த ராஜி மாமியிடம், ‘அடுத்த வருசம் கொலுவுல பார்க்குல வைங்க மாமி’ என்று நீட்டிவிட்டாள். மாமி அந்த மாதமே நாக்பூர் போனாள். ஊரிலிருந்து திரும்பிய ஜோதிலிங்கம் நாயைப் பார்த்து அதிசயித்தார், துளைகளைத் தடவினார், ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பாள்.

போன் வந்தது வியாழன். ஞாயிறு வருவதற்குள் சொல்லிவிட வேண்டும், மாமி வாயிலிருந்து அவர் கேட்கக் கூடாது என்று அம்சவேணி தீர்மானித்தாள். தீர்மானிப்பதில் என்ன சிரமம். வெள்ளிக்கிழமை அவர் சாப்பிட உட்கார்ந்தபோது ரசம் ஊற்றினாள், சொல்லவில்லை. சனிக்கிழமை சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள், சொல்லவில்லை. தையல் சாமான் வைக்கிற பிஸ்கட் டப்பாவின் அடியில் அந்த இரண்டு நட்டுகளும் கிடந்தன. இத்தனை வருடத்தில் மூன்று வீடு மாறியும் அவற்றைத் தூக்கிப்போடவில்லை. சனிக்கிழமை மத்தியானம் கண்ணயர்ந்தபோது கௌதாரி சமையலறையிலிருந்து நடந்துவந்தது. வழக்கமாக வருகிற கனவுதான். சிறு நகங்கள் தரையில் கிளிக் கிளிக்கென்று படும், அலமாரிவரை வந்து நின்று அவளைத் திரும்பிப் பார்க்கும். பயமாக இருக்காது. யாரோ சொந்தக்காரி வந்து கதவருகே நிற்பது மாதிரி இருக்கும், என்ன கொடுத்து உபசரிப்பது என்று தெரியாமல் விழித்துக்கொள்வாள்.

ஞாயிறு சாயந்தரம் ஐ.என்.ஏ.யில் மெட்ரோ ஏறினார்கள். ராஜீவ் சவுக்கில் வண்டி மாறும்போது, கூட்டத்தில் அவர் அவளுடைய முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டுத் தான் பின்னால் ஏறினார். எப்போதும் செய்வதுதான். அவளுக்கு அன்று அது தாங்கவில்லை.

கரோல் பாகில் மாமியின் வீடு கல்யாண லெஹங்கா விற்கும் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. ஏழு படி. வெள்ளை வேட்டி விரித்து, மரப்பாச்சி, தசாவதாரம், செட்டியார், செட்டிச்சியம்மாள் எல்லாரும் வரிசையாக. சின்ன விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தன. படிக்குப் பக்கத்தில் தரையில் பூங்கா. கடுகும் கேழ்வரகும் முளைவிட்டுப் பச்சைப் பசேலென்று நிற்க, நடுவே கண்ணாடிக் குளம், சிமெண்ட் யானை, பிளாஸ்டிக் வரிக்குதிரை. பயிருக்குள் உள்ளங்கை அளவில் ஏதோ தகதகவென்று மின்னியது. அம்சவேணிக்கே ஒரு கணம் அது என்னவென்று தெரியவில்லை. அவள் கொடுத்தனுப்பியது கறுத்த பறவை. இது பொன்னால் செய்ததுபோல இருந்தது.

ஜோதிலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்து ப்ரசன்னாவோடு பேசிக்கொண்டிருந்தார். கையில் சுண்டல் தட்டு. பேச்சு நடுவில் நின்றது. தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து பூங்காவின் முன் குந்தினார். முழங்கால் சொடுக்கியது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முகத்தைப் பயிர்வரை இறக்கினார். விரல் பறவையின் முதுகுக்கு மேலே தொடாமல் அப்படியே நின்றது. இறகு வரிகளெல்லாம் தேய்ந்து, கண் இருந்த இடம் மழுங்கி, வெகு நாள் கால்பட்ட கோயில் படிபோல வழவழவென்று இருந்தது. ஒடுங்கிய உடம்பும் சரிந்த கழுத்தும் மட்டும் மாறவில்லை. அந்த உடம்பை அவர் பதினெட்டு வருடம் படத்தில் பார்த்தவர்.

“பித்தளைன்னு நெனைச்சேளா? வெண்கலமாக்கும்” என்றாள் மாமி பெருமையாக. “வந்தப்போ கன்னங்கரேல்னு இருந்தது, பாவம். வருஷா வருஷம் நானே புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பேன், வேலைக்காரிகிட்டத் தரமாட்டேன். மூணு நாலு வருஷத்துக்கப்புறம்தான் இந்தப் பளபளப்பு வந்தது.”

அம்சவேணி கணவரின் பிடரியைப் பார்த்தாள்.

“யாரு குடுத்தது மாமி?” என்று அவர் திரும்பாமலே கேட்டார்.

மாமி சிரித்துக்கொண்டு வாயைத் திறப்பதற்குள், “நாந்தான் குடுத்தேன்” என்றாள் அம்சவேணி. “நாயோட வந்துச்சு. நீங்க குவாஹாட்டில இருந்திய. நாந்தான் கழட்டிக் குடுத்தேன்.”

சொல்லிவிட்டாள். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்தது இரண்டு மூச்சில் முடிந்துபோயிற்று. மாமிக்கு எதுவும் புரியவில்லை. “ஆமா, அபூர்வாவை உண்டாயிருந்தா அப்போ. படுத்த படுக்கையா இருந்தவ எழுந்து வந்து குடுத்தா” என்று தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனாள். “உங்களுக்குப் பிடிச்சிருந்தா எடுத்துண்டு போங்கோ. கொலு நடுவுல எடுக்கப்படாது. விஜயதசமியன்னிக்கு ஒரு பொம்மையைப் படுக்க வச்சுட்டு எல்லாத்தையும் எடுப்பேன். அன்னிக்கு வாங்கோ.”

ஜோதிலிங்கம் எழுந்தார். நாற்காலிக்குப் போய்த் தட்டை எடுத்து, சுண்டலைக் கடைசிக் கடலைவரை தின்றார். “சுண்டல் நல்லாருக்கு மாமி” என்றார்.

திரும்பி வந்து ஐ.என்.ஏ.யில் இறங்கி நடக்கையில் ஏழிலைப்பாலை மணம் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. தெருவிளக்கைச் சுற்றிப் புகைமூட்டம், அதற்குள் ஆட்டோக்கள் மெதுவாக நீந்திப் போயின. அவர் ஒரு மரத்தடியில் நின்றார்.

“ரெண்டு நட்டு இருந்திருக்கணுமே. எங்க?”

“தையல் டப்பாவுல.”

“தூரப் போடலியா?”

“இல்ல.”

கொஞ்ச தூரம் நடந்தபின் சொன்னார்: “பதினெட்டு வருசமா நான் தேடுததப் பாத்துக்கிட்டே இருந்திருக்க.” குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து வீடு பேச்சை விட்டுவிட்டது. காபி வந்தது, டிபன் டப்பா போயிற்று, சாயந்தரம் செருப்பு வாசலில் வந்து சேர்ந்தது. மறுநாள் அலமாரியைத் திறந்தபோது லேமினேட் படம் ஒட்டியிருந்த இடத்தில் நாலு பசைத் தடம்தான் இருந்தது. நாய் மட்டும் வழக்கம்போலத் துளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்சவேணி அதைத் துடைக்கும்போது கண்ணைப் பார்க்காமல் துடைத்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. நாயைப் பார்த்தா, அவரைப் பார்த்தா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

குருகிராமில் தோழிகளோடு தங்கி வேலை பார்க்கும் அபூர்வா புதன்கிழமை போனில் கூப்பிட்டாள். “அம்மா, அப்பா நாராஸ் ஹை க்யா? எதுக்குக் கோவம்? எங்கிட்ட ஹாங், அச்சா, அவ்வளவுதான் பேசினாங்க.” அம்சவேணி எல்லாவற்றையும் சொன்னாள். “சச்சி? நிஜமாவா? அந்த பேர்ட் ஃபர்ஸ்ட்லேர்ந்து இருந்திருந்தா நான் எதை எங்க வச்சிருப்பேன்மா” என்றாள். மகள் தன் பக்கம் பேசுகிறாளா, வெறுமனே சொல்கிறாளா என்று அம்சவேணிக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை சரஸ்வதி பூசை. அம்சவேணி குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து குத்துவிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தவில்லை. சாத்தத் தோன்றவில்லை. நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். ஜோதிலிங்கம் நிலையில் சாய்ந்து நின்று, புளிக்கரைசல் பட்ட இடமெல்லாம் விளக்கு வெளுத்து மஞ்சளாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அதை நின்று பார்த்தது அன்றுதான்.

“எதுக்கு அப்படிச் செஞ்ச?”

அவள் கையைக் கழுவவில்லை. புளி வழிந்த விரல்களை மடியில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

“மொதப் புள்ள தங்கல. இது ரெண்டாவது. எந்திரிக்கப்படாதுன்னுட்டாவ. நான் கட்டில்ல, அது மேசையில. எப்ப முழிச்சாலும் அது அந்தப் பறவையப் பாத்துக்கிட்டு நிக்கும். எப்பப் பாத்தாலும் இன்னும் ஒரு எட்டுதான் பாக்கி. நான் கையால வயித்த மூடிக்கிடுவேன். எம்புள்ளயத்தான் பாக்குன்னு தோணிட்டு.”

அவர் கண் விளக்கைவிட்டு அவள் முகத்துக்கு வந்தது.

“நாய்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. துண்ட மடிச்சுப் போட்டு, பச்சப்புள்ளய மாதிரி சரிச்சுப் படுக்க வச்சுத்தான் கழட்டுனேன். படுத்திருக்கையில அது தூங்குத மாதிரிதான் இருந்துச்சு. பாவமா இருந்துச்சு. பொறவு நிமித்தி வச்சதும் பழையபடி பாக்க ஆரம்பிச்சிட்டு.”

“பொறவாவது சொல்லிருக்கலாம்லா.”

“சொல்லிருக்கலாம். அந்தப் படத்தோட வந்து நின்னிய பாருங்க, அந்த மொகத்தப் பாத்தப்பொறவு எனக்கு வாய் வரல. ஞாயித்துக்கெழம சந்தைக்கிப் பொறப்படும்போது நீங்க வேற ஆளு. விசிலடிச்சுக்கிட்டு சட்ட மாட்டுவிய. எனக்கு அந்த ஆளப் புடிச்சிருந்துச்சு.” விளக்கைப் பார்த்துக்கொண்டு சேர்த்துச் சொன்னாள்: “தப்புதான்.”

நிலையில் சாய்ந்திருந்த நிழல் நகர்ந்து போயிற்று. அவள் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு, கொஞ்சம் அழுதாள். பிறகு விளக்கை அலம்பினாள்.

மறுநாள் விஜயதசமி. மத்தியானம் தூங்கி எழுந்ததும் ஜோதிலிங்கம் சட்டை மாட்டிக்கொண்டு, “அந்த நட்ட எடு” என்றார். அவள் காகிதத்தில் மடித்துக் கொடுத்ததைப் பையில் போட்டுக்கொண்டார். “கரோல் பாக் போயிட்டு வாறேன்.” அவளைக் கூப்பிடவில்லை. எட்டாவது மாடியிலிருந்து அவர் வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்தாள். மேலேயிருந்து பார்க்கையில் தோள்கள் இறங்கி, யாரோ ஒரு வயதானவர் போய்க்கொண்டிருந்தார்.

பறவை வரட்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவருடைய பொருள். மூக்குக்கு நேரே திருகி வைக்கட்டும், கறுத்த நாயும் பொன் கௌதாரியுமாக நிற்கட்டும். அபூர்வா வளர்ந்து சம்பாதிக்கிறவளாகிவிட்டாள், இனி யாரை அது பார்த்தால் என்ன. நாளைக்கு இரண்டையும் சேர்த்துத்தான் துடைக்க வேண்டும். அப்படி நினைக்க நினைக்கக் கை தானாக வயிற்றை மூடிக்கொண்டது. இருட்டு விழும் நேரத்தில் மைதானத்துப் பக்கம் ராவணனைக் கொளுத்தும் வெடிச்சத்தம் கேட்டது. புகை எழுந்து மெல்ல மெல்லக் கட்டடங்களுக்கு நடுவே பரவி, பூ மணத்தோடு கலந்து, வீட்டுக்குள் ஒரு மயக்கம்போலப் படிந்தது.

ஏழரைக்கு அவர் வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதை வாங்கியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எடையே இல்லை. உள்ளே வெற்றிலை பாக்கு, ஒரு மூடித் தேங்காய், காகிதத்தில் சுற்றிய புட்டு.

“பறவ?”

“மாமி ஒரு பொம்மையப் படுக்க வைக்கப் போனாவ. ‘இதப் படுக்க வைக்கலாமா, நான் வைக்கலாமா’ன்னு கேட்டேன். ‘தாராளமா வைங்கோ’ன்னாவ.” சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னார். “நட்டு ரெண்டையும் அது கால்லயே திருகிட்டேன். மரை இன்னும் தேயல. படுக்க வச்சிட்டு வந்திட்டேன்.”

“எடுத்துக்கோங்கன்னு சொன்னாவளே.”

“அடுத்த வருசமும் அதுக்குப் புளி போட்டுத் தேய்க்கணும்லா. நம்ம வீட்டுல அது நடக்காதே.”

அவர் முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. ஆனால் ஆறு நாளாக இருந்த இறுக்கமும் அங்கே இல்லை.

“கோவம் போயிட்டா?”

“போவல” என்றார். “போவும். மெதுவாப் போவும்.” புட்டைப் பிரித்து ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டு, இன்னொரு பிடியை அவளிடம் நீட்டினார்.

அன்றிரவு அவள் கனவே இல்லாமல் தூங்கினாள். விடிந்து எழுந்தபோது பக்கத்தில் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை, சந்தைக்குப் போகும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. அவள் எழுப்பவில்லை. பால் காய்ச்சக் கூடத்தைக் கடந்தவள் அப்படியே நின்றாள்.

அலமாரி திறந்திருந்தது. நாய் அதில் இல்லை. ஜன்னலோரத்து மேசையில், அவருடைய வெள்ளைத் துண்டை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் நாயைச் சரித்துப் படுக்க வைத்திருந்தார். எப்போதும் மறைந்தே இருக்கும் பீடத்தின் அடிப்பக்கம் வெளியே தெரிந்தது, இரண்டு துளைகளுக்குள்ளும் காலை வெளிச்சம் புகுந்து மறுபக்கம் வந்தது. தூக்கிய முன்னங்கால் இப்போது எதையும் குறிபார்க்கவில்லை. தூக்கத்தில் நாய்கள் ஓடுமே, அந்த மாதிரி காற்றில் மடிந்து கிடந்தது.

அம்சவேணி துடைக்கும் துணியைக் கையில் எடுத்துவிட்டு, மறுபடி கீழே வைத்தாள். மூடுபனிக்குள்ளிருந்து சூரியன் சிவப்பாக மேலே வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மேசைமேல் விழும். அவள் சத்தமில்லாமல் போய், நாயின் கண்ணில் வெயில் படாத அளவுக்கு மட்டும் திரையை இழுத்துவிட்டாள்.